இரண்டாசிரியர் பள்ளியில் தமிழ் வாசிப்பை உயர்த்த ஓராண்டுத் திட்டம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டு தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 40 பிள்ளைகள், தம்மையும் சேர்த்து 2 ஆசிரியர்கள், நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே பலர் தமிழைத் தடுமாறாமல் படிக்க இயலாமல் இருக்கிறார்கள், பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கவேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் தமிழ்ப் பாடத்துக்கு என்ன எழுதுவது?

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை மேலாண்மைக் குழுவிடம் தந்திருக்கிறது. நடைமுறையில் அந்தத் திட்டம் பெரும்பாலும் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றின் பட்டியலாக முடிந்துவிடுகிறது. கற்றலுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் ‘மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்படுத்தப்படும்’ என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை காலையில் எந்த ஆசிரியராலும் எதையும் செய்ய முடியாது. என் கருத்தில் தமிழ்ப் பாடத்துக்கான திட்டம் இரண்டே செய்திகளின்மேல் நிற்கவேண்டும்: எந்தப் பிள்ளை இன்று எந்த நிலையில் படிக்கிறது, அந்தப் பிள்ளையோடு யார் நாள்தோறும் எத்தனை நிமிடம் உட்காரப்போகிறார்கள். மற்றவை எல்லாம் இவ்விரண்டிலிருந்தும் தாமாகவே கிளைக்கும்.

முதல் செய்தியைத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து பெற முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காலாண்டுத் தேர்வில் தமிழில் எண்பது மதிப்பெண் வாங்கிய நான்காம் வகுப்புப் பிள்ளையிடம், பாடநூலில் இல்லாத நான்கு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பாடநூலின் பாடலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் அதே பிள்ளை, ‘கொடியில் துணி காய்கிறது’ என்ற வரியில் முதல் எழுத்திலேயே நின்று, ‘கெ… கெ… காடி’ என்று தடவிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். அது வாங்கிய எண்பதும் பொய்யில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்ட வினா விடையை மனப்பாடம் செய்து, எழுத்தின் வடிவத்தை ஓவியம்போல் நினைவில் வைத்து எழுதியதற்குக் கிடைத்த மதிப்பெண் அது. வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் அடிப்படைத் திறனை அறியும் ‘அசர்’ ஆய்வு, பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்று படிக்கச் சொல்லிக் கேட்பதும் இதனால்தான். அந்த ஆய்வின் மாநில எண்களைப் பற்றி நம்மிடையே எத்தனை வாதம் இருந்தாலும், அது கையாளும் முறையை ஒரு பள்ளி தன் அளவில் எடுத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆகவே பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில், இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளையும் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் வகுப்பில் படங்களைக் காட்டிப் பேசச் சொல்வதும், தன் பெயர் எழுதிய அட்டையை அடையாளம் காண்கிறதா என்று பார்ப்பதும் போதும். ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம் என்றால் 40 பேருக்கும் 160 நிமிடம். இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இதற்கு நேரமில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தாள் போதும்: பத்து எழுத்துகள், பத்துச் சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று, பத்து வரிக் கதை ஒன்று, கதையிலிருந்து மூன்று கேள்விகள். கேள்விகளில் ஒன்றாவது கதையில் நேரடியாக விடை இல்லாததாக இருக்கவேண்டும். பிள்ளை படிக்கும்போது திருத்தாதீர்கள். எப்படித் தவறாகப் படித்ததோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘சொல் நிலை’ என்று மட்டும் குறித்து வைத்தால் அது பதிவேட்டுக்குத்தான் உதவும். ‘கொ, கோ வரிசை தெரியவில்லை, டு–டூ குழப்பம்’ என்று குறித்து வைத்தால் மறுநாளே பாடம் நடத்தலாம்.

இந்தத் தவறுகள் தற்செயலானவை அல்ல. அவை பெரும்பாலும் தமிழ் எழுத்தின் அமைப்பிலிருந்தே வருகின்றன. எல்லாரும் 247 எழுத்து என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். உண்மையில் 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் சில குறியீடுகளும் பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி தானே வந்துவிடும். வராமல் நிற்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் மாறுபடும் எழுத்துகள். ‘கெ’ என்பதில் ககர ஒலி முதலில் வருகிறது. ஆனால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. ‘கொ’ என்பதில் குறியீடு இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னும் துணைக்கால் பின்னுமாக நிற்கிறது. மேலே சொன்ன ‘கெ… காடி’ இங்கிருந்துதான் பிறக்கிறது: கொம்பையும் ககரத்தையும் சேர்த்து ஒன்று, ககரத்தையும் காலையும் சேர்த்து இன்னொன்று என்று பிள்ளை தன் அளவில் ஒழுங்காகத்தான் படிக்கிறது. ‘கௌ’ இன்னும் மோசம். அதன் பின்பாதி ளகரம்போலவே இருப்பதால் ‘கௌதாரி’ ‘கெளதாரி’ ஆகிவிடும். இரண்டாவது இடம், உகர ஊகார வரிசை. ‘கு, சு, டு, து, மு, று’ என்று எடுத்துக்கொண்டால் எல்லா மெய்க்கும் பொதுவான ஒரே குறியீடு இங்கே இல்லை. 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களை ஒழுங்குபடுத்தியது. உகர ஊகார வரிசையைத் தொடவில்லை. எனவே அந்த வரிசைக்கு மட்டும் பொதுவிதி சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லோடு சேர்த்துப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது இடம், ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது. ‘கல்’, ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய நான்கிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் ‘ப–க–ல்’ என்று வல்லொலியில் படித்த பிள்ளை, அது தான் நாள்தோறும் பேசும் ‘பகல்’தான் என்று உடனே கண்டுகொள்வதில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தபின் சொல்லை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லவைக்கும் பழக்கம் வகுப்பில் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கேட்டு முடித்த தாள்களைப் பரப்பி வைத்தால், படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவர்கள் இரண்டு வகையாகப் பிரிவார்கள். சிலருக்கு எழுத்தே தடை. கதையை நாம் படித்துக் காட்டினால் எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்வார்கள். வேறு சிலர் கதையைத் தங்குதடையின்றிப் படித்துவிடுவார்கள். ‘அந்தப் பாட்டி ஏன் கோபித்துக்கொண்டாள்?’ என்றால் விழிப்பார்கள். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கிவரும் பலன் என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் சொன்னது இங்கே கைகொடுக்கும். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று சுழியமானாலும் விடை சுழியம்தான். முதல் வகையினருக்கு மேலும் கதை சொல்லிப் பயனில்லை, இரண்டாம் வகையினருக்கு மேலும் எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. ஆனால் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பட்டியலில் சேர்த்து எல்லாருக்கும் உயிர்மெய் வாய்பாட்டை எழுதவைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

இரண்டாம் வகையினரின் சிக்கலில் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. ‘வந்துகிட்டிருக்கான்’ என்று பேசும் பிள்ளை ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று அச்சில் பார்க்கும்போது அது பதினோரு எழுத்து நீளமுள்ள புதுச்சொல். ‘வந்து, கொண்டு, இருக்கிறான்’ என்று பிரித்துக் காட்டிப் பின் சேர்த்துக் காட்டுவதை இலக்கணப் பாடமாகக் கருதாமல் வாசிப்புப் பயிற்சியாகவே மூன்றாம் வகுப்பிலிருந்து செய்யலாம். பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று திருத்திக்கொண்டே இருக்கும் வகுப்பில் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடுகிறது. அது தன் பேச்சில் சொன்னதை ஆசிரியர் எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், திருத்தம் நிகழும், வாயும் அடையாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைகளும், வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உங்கள் பள்ளியில் இருந்தால், அவர்களுக்கு நாள்தோறும் பேச்சுக்கென்றே கால் மணி நேரம் தனியாக வேண்டும். அவர்களைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர்கள் தாய்மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

இனி நேரம். இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டையும் மற்றவர் மூன்று, நான்கு, ஐந்தையும் வைத்துக்கொள்வது இயல்பு. காலை உணவு முடிந்து பிள்ளைகள் அமரும் முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இந்த வகுப்புப் பிரிவைக் கலைத்துவிட்டு, வாசிப்பு நிலைக்கேற்ப நான்கு குழுக்களாக உட்காரவையுங்கள். எழுத்து நிலைக் குழுவோடு ஓர் ஆசிரியரும் சொல், வாக்கிய நிலைக் குழுவோடு மற்றொருவரும் முதல் அரைமணி நேரம் முழுமையாக இருக்கவேண்டும். அந்நேரத்தில் பத்தி படிப்பவர்கள் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் படித்துக் காட்டட்டும், கதை படிப்பவர்கள் தாமாகப் படித்து இரண்டு வரி எழுதட்டும். அடுத்த அரைமணி நேரத்தில் ஆசிரியர்கள் மேல்நிலைக் குழுக்களுக்குப் போகலாம். ஐந்தாம் வகுப்புப் பையனை முதல் வகுப்புப் பிள்ளைகளின் நடுவில் உட்காரவைத்து ‘அம்மா, ஆடு’ படிக்கச் சொன்னால் அவன் மறுநாள் பள்ளிக்கு வரமாட்டான். அவனுக்கு எழுத்து நிலைதான் என்றாலும் பொருள் வேறாக இருக்கட்டும்: பேருந்தின் ஊர்ப்பலகை, நியாயவிலைக் கடையின் விலைப்பட்டியல், கிரிக்கெட் வீரர்களின் பெயர்கள் எல்லாம் உயிர்மெய் கற்கப் போதுமானவை.

2022-இல் தொடங்கி ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், பின்னர் நான்கு, ஐந்துக்கும் விரிந்த தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஏற்கெனவே கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறதே, இதற்கு மேல் இன்னொரு பிரிவினையா என்று உங்கள் உடனாசிரியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இணையாக இன்னொரு திட்டம் நடத்தவேண்டாம்; அதே பெயர்கள், அதே பயிற்சி நூல், அதே ஆசிரியர் கையேடு இருக்கட்டும். எந்தப் பிள்ளை அரும்பு, எந்தப் பிள்ளை மொட்டு என்பதை மட்டும் நேரில் படிக்கக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செயலியில் பதிவேற்றுவதே ஒரு தனி வேலையாகிவிட்டது என்ற ஆசிரியர்களின் குறையில் உண்மை இருக்கிறது. முன்பு, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலமெங்கும் பரவியபோதும் இதே போக்கைக் காண முடிந்தது: அட்டைகள் நன்றாகத்தான் இருந்தன, ஏணிப்படியில் பிள்ளை எத்தனையாவது அட்டையில் இருக்கிறது என்று குறிப்பதே வேலையாகிப்போன வகுப்புகளில், அந்தப் பிள்ளை படிப்பதை ஆசிரியர் காதால் கேட்கும் நேரம் குறைந்தது. குழுக்களை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றியமையுங்கள். மாறாத குழு பட்டப்பெயராகிவிடும்.

எழுத்துப் பணியில் முதலில் குறைக்கவேண்டியது பார்த்து எழுதுதல். பாடத்தை இரண்டு முறை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தால் கையெழுத்து அழகாகலாம், வாசிப்பு வளராது. அதற்குப் பதிலாக நாள்தோறும் இரண்டு வரி சொந்தமாக எழுதட்டும்: நேற்று வீட்டில் என்ன குழம்பு, வரும் வழியில் என்ன பார்த்தாய், எதுவானாலும் சரி. எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிழைகளில் சிலவற்றுக்குச் சிறு பிள்ளைக்கும் புரியும் விதி உண்டு. சொல்லின் முதலில் ‘ந’ என்னும் தந்நகரம்தான் வரும். நடுவில் தகரத்துக்கு முன்னும் அதுவே. மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘ன’ என்னும் றன்னகரம். டகரத்துக்கு முன் ‘ண’ என்னும் டண்ணகரம், றகரத்துக்கு முன் றன்னகரம்: வண்டி, கன்று. ரகர மெய் இரட்டிக்காது, ஆகவே ‘காற்று’, ‘வெற்றி’ என்று இரட்டித்து வந்தால் வல்லின றகரமே. இவற்றை ஐந்தாம் வகுப்புக்குள் நிலைக்கச் செய்துவிடலாம். லகர, ளகர, ழகரத்துக்கு அப்படி விதி இல்லை; பல ஊர்ப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிட்டதால் காதும் உதவாது. ‘சரியாக உச்சரித்தால் சரியாக எழுதலாம்’ என்று சொல்லி நாக்கை மடிக்கவைத்துக் காலத்தைப் போக்குவதைவிட, ‘வாழை, வாழ்வு, வாழ்த்து’ என்று சொற்குடும்பமாகக் கண்ணுக்குப் பழக்குவது விரைவில் பலன் தரும். சொல்வது எழுதுதல் வாரம் இரண்டு நாள், ஐந்து சொல்லும் ஒரு வாக்கியமும், முந்தைய வாரம் எடுத்துக்கொண்ட வகையிலிருந்து மட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் படிக்க ஏதாவது இருக்கவேண்டும். பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த சிறு நூல்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் பீரோவைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கை குறைந்துவிடும், கணக்கு ஒப்படைக்கவேண்டும் என்ற அச்சத்தால் அவை கட்டுப் பிரிக்கப்படாமல் இருப்பதும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது எந்த ஆண்டில் வரும், எந்த ஆண்டில் தாமதமாகும் என்பது பள்ளியின் கையில் இல்லை. வரும்போது தடித்த பொதுஅறிவு நூல்களை வாங்காமல், ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியும் பெரிய படமும் உள்ள கதை நூல்களையே வாங்குங்கள். வகுப்பறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும், அலமாரி தேவையில்லை. கிழியும், கிழியட்டும்.

இலக்கை எழுதும்போது விழுக்காட்டைத் தவிர்த்துத் தலைகளை எண்ணுங்கள். 40 பேர் பள்ளியில் ‘20 விழுக்காடு முன்னேற்றம்’ என்பதற்குப் பொருளில்லை. ‘மூன்றாம் வகுப்பில் சொல் நிலையில் உள்ள ஆறு பேரில் நான்கு பேர் அரையாண்டுக்குள் பத்தி நிலைக்கு வருவார்கள், அவர்களுக்கு இன்ன ஆசிரியர் பொறுப்பு’ என்று எழுதினால் டிசம்பரில் சரிபார்க்கலாம். வேகத்தையும் அளக்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான மத்திய அரசின் நிபுண் பாரத் இயக்கம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்கவேண்டும் என்கிறது. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல்; ஆங்கிலத்தில் மூன்று சொல். 2022-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிக்கு மொழி தனித்தனியே அளவுகோல் வகுத்தது. எனவே உங்கள் பிள்ளைகளின் வேகத்தை அவர்களுடைய ஜூன் மாத வேகத்தோடு ஒப்பிடுங்கள். வேறு எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வரைபடமும் விளக்கப்படமும் வேண்டாம். மூன்று பிள்ளைகளை அழைத்து, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் அழைக்காதீர்கள். பிள்ளை படித்துக் காட்டும்போது பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும், தமக்குப் படிக்கத் தெரியவேண்டியதில்லை என்று பெற்றோருக்குச் சொல்வதற்கு அந்தக் கூட்டம்தான் இடம். நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு அதற்கு மேல் எந்தப் பொறுப்பையும் திட்டத்தில் எழுதுவது நியாயமில்லை. ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் இருந்தால், எழுத்து நிலைக் குழுவின் பெயர்ப் பட்டியலையும் அந்த வாரம் எடுத்துக்கொண்ட எழுத்து வரிசையையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளியில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் நடப்பதை அது தவிர்க்கும். நீண்ட நாள் வராத பிள்ளையைக் குழுவில் எங்கே சேர்ப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவையுங்கள், ஏனென்றால் அறுவடை, திருவிழாக் காலங்களில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு முறை அதே மாதிரித் தாளால், வேறு பத்தியும் வேறு கதையும் வைத்து எல்லாரையும் கேட்டுப் பிள்ளைக்கு ஒரு பக்கமாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். கலந்தாய்வில் உங்களுக்கோ உடனாசிரியருக்கோ மாறுதல் கிடைத்தால், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அந்தக் குறிப்பேட்டையும் சேருங்கள். ஐந்தாம் வகுப்பை முடித்துப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழோடு அந்தப் பிள்ளையின் பக்கத்தை நகலெடுத்து இணைத்துவிட்டால், ஆறாம் வகுப்புத் தமிழாசிரியர் ஜூன் மாதத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.